வேலூர் வெயிலில் மேல்மாடி அறை: ஏசியா, ஏர்கூலரா, தளத்துக்கு வெள்ளையா?

போன வருடம் மே மாதம் ஒரு நாள் காலை, அப்பா குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று சொன்ன டாக்டர், ராத்திரி படுக்கும் அறை எப்படி இருக்கும் என்று கேட்டார். நாங்கள் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது. அப்பாவின் பதில்: "எனக்கு ஒண்ணும் வெக்கையா தெரியலையே."

அப்பாவுக்கு 74 வயது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வெயில் அவருக்குப் பழகிப்போன ஒன்று. எங்கள் வீடு சத்துவாச்சாரியில் இருக்கிறது. மேலே நாங்கள், கீழே வாடகைக்கு இருப்பவர்கள். அப்பாவின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. தலைக்கு மேலே காங்கிரீட் தளம், அதற்கு மேலே வானம், நடுவில் வேறு எதுவும் இல்லை. அன்று இரவு பத்து மணிக்கு ஒரு சாதாரண சுவர் தெர்மாமீட்டரை மாட்டிப் பார்த்தேன். வெளியே 31, அறைக்குள் 35.

வேலூரை வெயிலூர் என்று ஊரே சொல்லும். கத்திரியில் 42, 43 டிகிரி என்று செய்தியில் வந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது, சுற்றிலும் பாறைக் குன்றுகள், கடற்காற்று எளிதில் எட்டாத உள்நாடு. இதெல்லாம் தெரிந்தும் எங்கள் ஊரில் வீடு கட்டும்போது தளத்தைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. நாங்களும் யோசிக்கவில்லை.

கையில் 45,000 ரூபாய் ஒதுக்கினோம். வழிகள் நான்கு: ஒன்றரை டன் ஏசி, பெரிய ஏர்கூலர், மொட்டை மாடிக்கு வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு, நல்ல ஃபேன். கீழ்வீடு காலியாக இருப்பவர்களுக்கு ஐந்தாவதாக ஒரு வழி உண்டு: பெரியவர்களைக் கீழே படுக்கவைத்துவிடுவது. அதற்கு ஒரு பைசா செலவில்லை, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எங்களுக்கு அந்த வாடகை தேவைப்படுகிறது என்பதால் முடியவில்லை.

கடைக்குப் போனால் பேச்செல்லாம் காற்று எவ்வளவு குளிரும் என்பதைப் பற்றித்தான். ஆனால் மனித உடம்பு காற்றை மட்டும் அளப்பதில்லை. வெப்ப சுகத்தை ஆராய்ந்தவர்கள் ஆறு விஷயங்களைக் கணக்கில் எடுக்கிறார்கள்: காற்றின் சூடு, சுற்றியிருக்கும் சுவர், தளம் இவற்றின் சூடு, காற்று வீசும் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் உடை, செய்யும் வேலை. டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் 1970 வாக்கில் இந்த ஆறையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் மிகச் சரியாக வைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது அது பிடிக்காமல் போகும் என்பதும் அவர் கணக்கில் வந்த முடிவுதான். ஆகவே ஒருவருக்குச் சரியாக இருப்பது இன்னொருவருக்கும் சரியாக இருக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது.

இந்த ஆறில் எங்கள் வீடுகளில் யாரும் கவனிக்காதது இரண்டாவது. சாயங்காலம் ஏழு மணிக்கு வேலூர்க் கோட்டையில் மதிலை ஒட்டி நடந்து பாருங்கள். காற்று கொஞ்சம் தணிந்திருக்கும். ஆனால் மதில் பக்கம் இருக்கும் கன்னத்தில் மட்டும் சூடு தெரியும். கல் பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் திருப்பிக் கொடுக்கிறது. அதே வேலையைத்தான் அப்பாவின் அறையில் தளம் செய்துகொண்டிருந்தது, மதிலைப் போல பக்கவாட்டில் இல்லாமல், படுத்திருப்பவரின் முழு உடம்புக்கும் நேர் மேலே.

காற்று மெதுவாக நகரும் அறையில் உடம்பு உணரும் சூடு, காற்றின் சூட்டுக்கும் சுற்றுப் பரப்புகளின் சூட்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். ஏசி காற்றை 26-க்குக் கொண்டுவந்துவிட்டது, தளமும் சுவர்களும் சராசரியாக 36-இல் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்கு அது 31. இப்போது ஏசியே இல்லை, காற்று 30, பரப்புகள் 31 என்றால் உடம்புக்கு 30.5. ஏசி போட்டும் முதல் ஒரு மணி நேரம் புழுக்கம் போகவே இல்லை என்று மேல்மாடிக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான். அவர்கள் ஏசியில் கோளாறு இருக்கிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் இது நடந்தது.

சரி, தளம் எவ்வளவு சூட்டை வாங்குகிறது? உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1,000 வாட் விழுகிறது. அப்பாவின் அறைக்கு மேலே 11 சதுர மீட்டர், அதாவது 11 கிலோவாட். அழுக்கேறிய சாம்பல் நிறக் காங்கிரீட் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உள்வாங்கும். அது 7 கிலோவாட்டைத் தாண்டும். ஒரு டன் ஏசி வெளியே தள்ளக்கூடிய வெப்பம் 3.5 கிலோவாட். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம் என்பதுதான் அந்த டன் கணக்கு. தளம் வாங்கியதில் பெரும்பகுதி மறுபடி காற்றுக்கும் வானத்துக்கும் போய்விடும் என்பது உண்மை. ஆனால் மீதி மெதுவாகக் கீழே இறங்கி, வெயில் போன பிறகுதான் அறைக்குள் வந்து சேர்கிறது. மதியத்தை விட இரவு எட்டு மணிக்கு அறை மோசமாக இருப்பதன் ரகசியம் அந்தத் தாமதம்.

புது வெள்ளைப் பூச்சு வெயிலில் எண்பது சதவீதம் வரை திருப்பி அனுப்பும். உள்வாங்குவது 7 கிலோவாட்டிலிருந்து இரண்டு, இரண்டரைக்கு இறங்கிவிடும். ஏசி உள்ளே வந்த வெப்பத்தை வெளியே இறைக்கிறது. பூச்சு அதை வாசலிலேயே நிறுத்துகிறது. ஒரு தடவை செலவு, கரண்ட் பில் கிடையாது.

நம் முன்னோர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. பழைய மெத்தை வீடுகளில் கட்டையடுக்கித் தளம் போட்டு, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். தடிமனான அந்த அடுக்கு சூட்டை எளிதில் இறங்க விடாது. இப்போது நாலைந்து அங்குலக் காங்கிரீட்டை ஊற்றி, மேலே லேசாக சிமெண்ட் பூசி முடித்துவிடுகிறோம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் மேஸ்திரியிடம் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் கேளுங்கள். வெள்ளை நிறத் தட்டோடு கிடைத்தால் இன்னும் நல்லது. கட்டி முடித்த பிறகு அந்த எடையைத் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

சாதாரணச் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அடிக்கிற வழக்கமும் ஊரில் உண்டு. மலிவானது, வேலை செய்யும், ஆனால் ஒரு மழைக்காலத்துக்குள் கரைந்துவிடும். வருடா வருடம் பங்குனியில் அடிக்கத் தயாராக இருந்தால் அதுவே போதும் என்பேன். கீற்றுப் பந்தல் இதைவிடவும் நல்லது, வெயில் தளத்தைத் தொடவே தொடாது, அடியில் காற்றும் போகும். ஆனால் ஒரு சூறைக்காற்றுக்குப் போதாது, தீப்பிடிக்கிற பயமும் உண்டு. பட்டாசுப் பொறி பறக்கிற தெருவில் எனக்கு மனசு வரவில்லை.

பூச்சில் ஒரு குறை இருக்கிறது. தூசி படியப் படிய வெள்ளை மங்கும், மங்கினால் பலன் குறையும். வருடத்துக்கு ஒருமுறை, கோடைக்கு முன்னால், துடைப்பம் போட்டுக் கழுவிவிட வேண்டும். இன்னொன்று, வெள்ளைத் தளத்தில் மதியம் நிற்கவே முடியாது, கண் கூசும். வடாம் போடுகிறவர்கள் காலையிலேயே போட்டுவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான்.

அப்புறம் ஏர்கூலர். எனக்கு முதலில் இதில்தான் ஆசை. பத்தாயிரத்துக்குள் முடிகிறது, ஃபேனை விட இரண்டு மூன்று மடங்கு மின்சாரம்தான், காற்றும் ஜில்லென்று வருகிறது. ஆனால் அது தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. அதனால் காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் அது குளிர்விக்கும். ஏப்ரல் மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், நல்ல கூலர் 30 டிகிரியை ஒட்டிய காற்றைத் தரும். பத்து டிகிரி இறக்கம், சின்ன விஷயமில்லை. அதே கூலரை ஆடியிலோ ஆவணியிலோ 34 டிகிரி, 70 சதவீத ஈரத்தில் போட்டால் மூன்று மூன்றரை டிகிரி இறக்கினால் பெரிது. அதோடு அறையில் ஈரத்தையும் கூட்டிவிடும். ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாது. சொட்டி வழிகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, தோலில் நின்று ஆவியாகிற வியர்வைதான் குளிர்விக்கும்.

கூலர் வைத்திருப்பவர்களில் பலர் செய்யும் தவறு, ஏசி போல ஜன்னலைச் சாத்திக்கொண்டு போடுவது. அதற்கு வெளிக்காற்று உள்ளே வர வேண்டும், ஈரக்காற்று வெளியே போக வேண்டும். ஜன்னலில் பொருத்தி, எதிர்ப்பக்கம் கதவைத் திறந்து வைத்தால்தான் சரி. அப்பாவின் அறையில் ஜன்னல் ஒன்றுதான், கதவு உள்பக்கக் கூடத்தில் திறக்கிறது.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. நாள் முழுக்க ஓடினால் முப்பது, நாற்பது லிட்டர் ஆவியாகும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீர் ஊற்றினால் தேன்கூடு பேடில் வெள்ளையாகப் படிந்து ஒரே கோடையில் அடைத்துக்கொள்ளும். மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அதைக் கூலருக்கு ஊற்ற மனம் வராது. தொட்டியை வாரம் ஒருமுறை முழுதாகக் கொட்டிக் காயவைக்கவில்லை என்றால் டெங்குக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். எங்களுக்கு இது ஒத்துவராது என்று முடிவு செய்தேன். இரண்டு பக்கமும் ஜன்னல், நல்ல தண்ணீர், வீட்டில் இருப்பவர்கள் இளவயதுக்காரர்கள், பகல் வெக்கைதான் பிரச்சினை என்றால் கூலர் நல்ல தேர்வுதான். குடியாத்தத்தில் என் அத்தை வீட்டில் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறார்கள், அங்கே அருமையாக இருக்கிறது.

ஃபேன் விஷயத்தில் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். அப்பா அடிக்கடி சொல்லும் வார்த்தை: "ஃபேனைப் போட்டா அனலை எறக்குது, நிறுத்தினா வேகுது." இரண்டும் உண்மை. சுட்ட தளத்துக்கு அடியில் தேங்கிய சூடான காற்றை ஃபேன் கீழே தள்ளுகிறது. ஆனாலும் உடம்பின் மேல் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் காற்று பட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போல இருக்கும், வியர்வை வேகமாக ஆவியாவதால்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. தோலின் சூடு 35 டிகிரி அளவில் இருக்கும். காற்று அதைவிடச் சூடாக இருந்தால், வீசும் காற்று உடம்புக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வியர்வை அதை ஈடுகட்டும் வரைக்கும் ஃபேன் உதவும், ஈடுகட்ட முடியாத இடத்தில் அதுவே கெடுதல். அந்த இடம் எது என்று சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ஒல்லி ஜேயும் அவருடன் வேலை செய்தவர்களும் கணக்கிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமான இளவயதினருக்கு 39 டிகிரி வரை, பெரியவர்களுக்கு 38 வரை, வியர்வையைக் குறைக்கும் சில வகை மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கு 37 வரைதான் ஃபேன் பாதுகாப்பு. வயதாக வியர்வை சுரப்பது குறைகிறது என்பதுதான் அந்த வித்தியாசத்துக்குக் காரணம். எங்கள் மேல்மாடி அறை மே மாத மதியங்களில் 37-ஐத் தொட்டிருக்கிறது. ஃபேன் மட்டும் போதும் என்ற யோசனையை அன்றே விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் உடம்பில் ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் காற்றில் இருந்தால் வியர்வை செய்யாததைத் தண்ணீர் செய்யும். அப்பா இப்போது மதியம் இரண்டு மணிக்கு ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சுகம் வேறு, உடல் நலம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நாங்கள் ஒரு கோடையை வீணாக்கினோம். வயதானவர்களுக்கு வெக்கை உறைப்பது தாமதமாகிறது, தாகமும் தாமதமாகத்தான் எடுக்கிறது. பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் உடம்பில் உள்ள நீரும் உப்பும் இன்னும் குறையும். (மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. கோடைக்கு முன் டாக்டரிடம் கேட்பது நல்லது.) இளவயதில் வெக்கையில் வேலை பார்த்தவர் என்பதெல்லாம் இப்போது கணக்கில் வராது. வெயிலுக்கு உடம்பு பழகுவதற்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும், விட்டுவிட்டால் அதே போலச் சில வாரங்களில் அந்தப் பழக்கம் போய்விடும். ஆகவே "எனக்கு ஒண்ணும் தெரியலை" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் எத்தனை டிகிரி இருந்தால் போதும்? உலக சுகாதார நிறுவனத்தின் வெப்ப அலை அறிவுரை பகலில் 32-க்குக் கீழ், இரவில் 24-க்குக் கீழ் என்கிறது, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் அறுபதைத் தாண்டியவர்களுக்கும். வேலூரில் மே மாத விடியற்காலையிலேயே 28 இருக்கும்போது இந்த 24 ஏசி இல்லாமல் கிட்டாது. இன்னொரு பக்கம், அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் ஐந்து இந்திய நகரங்களில், சென்னையும் அதில் ஒன்று, 16 அலுவலகக் கட்டடங்களில் 6,000-க்கும் மேற்பட்ட பதில்களைச் சேகரித்து ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. ஜன்னல் திறந்த கட்டடங்களில் இருப்பவர்கள், வெளியே கடந்த ஒரு மாதச் சராசரி 31 டிகிரி என்றால், உள்ளே 29.6-ஐச் சுகம் என்றே உணர்கிறார்கள். அதற்கு மேல் இரண்டு டிகிரி கூடினாலும் பெரும்பாலோர் குறை சொல்வதில்லை. நம் உடம்பு நம் ஊருக்கு ஏற்றபடிதான் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் அது விழித்திருந்து வேலை பார்க்கும் அலுவலகத்து ஆட்களின் கணக்கு, தூங்கும் 74 வயதுக்காரரின் கணக்கு இல்லை. தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே, இரவில் 28 என்று எங்களுக்கு நாங்களே ஒரு குறி வைத்துக்கொண்டோம்.

இந்தக் குறியை வைத்துப் பார்த்தால் ஏசியைத் தவிர்க்க முடியாது என்று புரிந்தது. கத்திரி நாட்களில் வெளிக்காற்றே முப்பதுக்கு மேல் இருக்கும்போது எந்தப் பூச்சும் அதற்குக் கீழே கொண்டுபோகாது. ஏசி சுகத்துக்காக என்று நினைத்துத்தான் அப்பா வேண்டாம் என்றார். மூன்று நான்கு வாரத்துக்கு மருந்து மாதிரி என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்.

ஏசி கடையில் ஒரு விஷயம் கவனியுங்கள். வெயிலில் இருந்து உள்ளே நுழைந்ததும் 20 டிகிரிக் குளிர் அமிர்தமாக இருக்கும். பிரெஞ்சு உடலியல் ஆய்வாளர் மிஷேல் கபானக் 1971-இல் விளக்கியது இதைத்தான்: உடம்பு சூடேறியிருக்கும்போது குளிர்ச்சி இன்பமாகத் தெரியும், உள்சூடு தணிந்ததும் அதே குளிர்ச்சி இன்பம் இல்லாமல் போகும், அப்புறம் தொல்லையாகும். கடையில் ஐந்து நிமிடம் கிடைத்த இன்பத்தை வைத்துப் பெரிய ஏசியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரவு முழுக்க எது சரியாக இருக்கும் என்பது வேறு கேள்வி. மின் சிக்கனத்துக்கான மத்திய அமைப்பு 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பதும் அவர்கள் கணக்கு. 27-இல் வைத்து, ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் பெரியவர்களுக்குக் கால் குளிராது, பில்லும் தாங்கும். ஒரு டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்து யூனிட் பக்கம் ஆகும். இரண்டு மாதத்துக்கு 300. நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், தினமும் போடுகிறவர்கள் மீட்டரை நடுவில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஏசியின் பெரிய பலவீனம் அது கரண்ட்டை நம்பி இருப்பது. கோடை மழைக் காற்றில் கம்பி அறுந்தால் எங்கள் பக்கம் இரவு முழுக்க வராது. வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேன்தான் ஓடும். தளம் சூடாகவே இருந்து ஏசி மட்டும் வைத்திருந்தால் அந்த இரவு பழைய 35-தான். ஏசி எதுவாக இருந்தாலும் தளமும் ஃபேனும் முதலில் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஃபேனில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் வகையை எடுத்தோம். பழையது 75 வாட், இது முழு வேகத்தில் 28 வாட். இன்வெர்ட்டர் பேட்டரி அதே அளவுக்குக் கூடுதல் நேரம் தாங்கும். ஒரு எச்சரிக்கை, இதைச் சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரோடு இணைக்கக் கூடாது, ரிமோட்டில்தான் வேகம் மாற்ற வேண்டும். அப்பாவுக்கு அந்தச் சின்ன ரிமோட் இருட்டில் கிடைக்கவில்லை. கட்டில் காலில் ஒரு நாடாவில் கட்டித் தொங்கவிட்டோம். இது அற்ப விஷயம் இல்லை. தன் கையால் கூட்டிக் குறைக்க முடிந்தால் மனிதர்கள் கூடுதல் சூட்டையும் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

கடைசியாகக் கட்டில். இதை யாரும் குளிர்ச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஃபோம் மெத்தையில் மல்லாந்து படுத்தால் முதுகுப் பக்கம் முழுக்க அடைபட்டுப் போகிறது, அங்கே வியர்வை ஆவியாக வழியே இல்லை. நாடாக் கட்டிலில் அடியிலும் காற்று போகும். தரையில் கோரைப்பாய் இன்னும் குளிர்ச்சிதான், ஆனால் அப்பா முட்டி வலிக்காரர், இரவில் இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டும், தரையில் இருந்து எழுவது அவருக்கு ஆபத்து. முட்டி மடக்கி உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் படுகிற உயரத்தில் நாடாக் கட்டில் சொல்லிச் செய்தோம், மேலே ஒரு பருத்திப் போர்வை மட்டும்.

செலவைச் சொல்கிறேன். மொட்டை மாடி முழுக்கப் பூச்சு, ஆள் கூலியோடு 14,000. ஃபேன் 3,200. கட்டில் 3,800. ஒரு டன் ஏசி 36,000. மொத்தம் 57,000, ஒதுக்கியதை விட 12,000 கூடுதல். ஒன்றரை டன்னுக்குப் பதில் ஒரு டன் போதும் என்று துணிந்தது தளம் வெள்ளையான பிறகுதான். பணம் இப்போது முழுசாக இல்லை என்றால், வரிசை இதுதான் என்பேன்: இந்தப் பங்குனியில் தளம், கூடவே ஃபேனும் கட்டிலும். வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் ஏசியைத் தள்ளிப்போடாதீர்கள், சீட்டுப் பணம் எடுத்தாவது. எல்லோரும் இளவயதுக்காரர்கள் என்றால் ஏசி இன்னும் ஒரு வருடம் காத்திருக்கலாம்.

வாடகை வீட்டுக்காரர்கள் தளத்துக்குச் செலவு செய்யத் தயங்குவார்கள், நியாயம். வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பூச்சு தளத்தில் சின்னச் சின்ன வெடிப்புகளையும் மூடும் என்பதால் அவருக்கும் லாபம்தான். அவர் மறுத்தால் சுண்ணாம்பு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு என்றால் மேலே ஏறாதீர்கள், உடைந்து விழுந்தவர்கள் உண்டு. தெரிந்த ஆளை வைத்துப் பலகை போட்டுத்தான் அடிக்க வேண்டும். கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி பொருந்தாது. அவர்களுக்கு மேற்குச் சுவர்தான் எதிரி, ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு தட்டியோ பச்சை வலையோ கட்டினாலே போதும். உள்ளே திரை போட்டால் வெயில் அறைக்குள் வந்த பிறகு தடுக்கிறோம், பலன் பாதிதான்.

மார்ச்சில் பூச்சு முடிந்தது. ஏப்ரல் கடைசி வரை ஏசியைப் போடவே இல்லை. பகலில் ஜன்னலைச் சாத்தி, இரவு ஒன்பதுக்கு மேல் திறந்து வைத்தோம். கொசுவலை காற்றில் ஒரு நல்ல பங்கைப் பிடித்துக்கொள்கிறது, அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. போன வருடம் இரவு பத்து மணிக்கு 35 காட்டிய அறை, அதே மாதிரி ஒரு நாளில் 32-க்கு வந்தது. மீதியை ஏசி பார்த்துக்கொள்கிறது, பத்து மணிக்குப் போட்டால் விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக நிற்கிற மாதிரி வைத்திருக்கிறோம்.

தெர்மாமீட்டரை அப்பாவின் கட்டிலுக்கு நேர் எதிரே, கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எண்ணில் மாட்டிவிட்டேன். நான் வேலை முடித்து வரத் தாமதமாகும் நாட்களில் அவரே போன் செய்கிறார். போன வியாழக்கிழமை சொன்னது: "எனக்கு வெக்கையா ஒண்ணும் தெரியலை. ஆனா முப்பத்திரண்டு காட்டுது. போட்டுட்டேன்."